துறை நாற்பத்தொன்றும் ஆறு நிமிடமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அட்டவணை என்றால் பைத்தியம். சிலருக்கு நகை, சிலருக்கு சினிமா, எனக்குக் கட்டம் போட்ட காகிதம். புள்ளிவிவர அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடமாக ஒரே ஓர் அட்டவணையைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறேன். அறுபது துறை. எங்கள் வட்டாரத்தில் யார் யாரிடம் எதை வாங்கி எதைச் செய்கிறார்கள் என்பது மொத்தமும் அதில் இருக்கிறது. நெடுக்கே படித்தால் ஒரு தொழிலின் சமையல் குறிப்பு: இவ்வளவு ரொட்டிக்கு இவ்வளவு மாவு, இவ்வளவு மின்சாரம், இவ்வளவு லாரி. குறுக்கே படித்தால் ஒரு தொழில் யார் யாருக்கு விற்கிறது என்ற ஊர்வம்பு.

இதில் கிறுகிறுக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. யாரோ கூடுதலாக நூறு ரொட்டி கேட்கிறார் என்று வையுங்கள். மாவு கூடும். மாவு கூடினால் மில்லுக்கு மின்சாரம் கூடும். மின்சாரத்துக்கு நிலக்கரி, நிலக்கரிக்கு லாரி, லாரி டிரைவருக்குப் பசித்தால் மறுபடியும் ரொட்டி! இப்படியே சுற்றிச் சுற்றிப் போகும், ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடச் சின்னதாகிக்கொண்டே. முடிவே இல்லாத இந்தச் சுற்றையெல்லாம் அட்டவணையை ஒரே தடவை புரட்டிப் போட்டுப் பிடித்துவிடலாம். கணக்கில் அதற்கு நேர்மாறு என்று பெயர். முதல் தடவை அது சரியாக வந்த அன்றைக்கு நான் அலுவலக மாடிப்படியை இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கினேன். முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம்.

இந்தப் பைத்தியம் முற்றிப்போய் வீட்டுக்கும் ஓர் அட்டவணை போட்டிருந்தேன். அலுவலகத்தின் அதே பச்சைக் காகிதம், அதே கட்டம். துறை ஒன்று: டிரைவர், அதாவது என் வீட்டுக்காரர், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போகும் ஒரே பஸ்ஸை ஓட்டுகிறவர். துறை இரண்டு: நான். துறை மூன்று: அண்ணி, அதாவது அவருடைய அக்கா, எங்கள் வீட்டு மாடியறையில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவர். துறை நான்கு: எங்கள் மகள். அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம், காரணம் கேட்காதீர்கள். யார் யாருக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் வேலை செய்கிறார்கள் என்பதுதான் கணக்கு. போட்டு ஏழு வருடம் ஆகிறது. அப்போது வாலுவுக்கு நாலு வயது, இப்போது பதினொன்று. ஆனால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் அவளுக்கு இன்னும் மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன், வாரத்துக்கு நாற்பது நிமிடம்.

அலுவலக அட்டவணையும் ஏழு வருடப் பழசுதான். வீடு வீடாக, பட்டறை பட்டறையாகப் படிவம் கொடுத்து, வாங்கி, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாததை அதட்டி உருட்டி ஒத்துப்போக வைப்பதற்குள் அஞ்சாறு வருடம் ஓடிவிடும். அது வெளியே வரும்போது ஊர் வேறு ஊராகியிருக்கும். யாராவது இதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி இருக்கும்.

எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம். எந்த எண்ணையும் முழுசாக்க விடமாட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் என் மேஜையில் இரண்டு துண்டுச் சீட்டுகளை வைத்தார். ஒன்றில், துறை 41-க்குத் தேவை இவ்வளவு குறைந்தால் எத்தனை வேலை போகும்? மற்றதில், கட்டுமானத்துக்கும் போக்குவரத்துக்கும் இவ்வளவு தேவை கூடினால் எத்தனை வேலை வரும்? அவ்வளவுதான். ஊர் இல்லை, பெயர் இல்லை. துறை 41 என்பது உலோகச் சிறுபொருட்கள். மூடி, கீல், கொண்டை ஊசி, சைக்கிள் மணி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிய துறை. நான் சீட்டியடித்துக்கொண்டே போட்டேன். போகும் வேலை 94.7. வரும் வேலை 1,912.4.

"பிரமாதம்," என்றார் தசமம். "புள்ளி ஏழை விட்டுடாதீங்க."

"உயிரே போனாலும் விடமாட்டேன் சார்," என்று கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து வந்தவர் மாடிக்குப் போகாமல் நேராக எங்கள் சமையலறைக்குள் வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கையில் ஒரு பச்சைக் காகிதம்.

அண்ணி வேலை செய்வது மூடித் தொழிற்சாலையில். இருபத்திரண்டு வருடமாக. பால் பாட்டில், இருமல் மருந்துப் பாட்டில், சோடா பாட்டில், மைப் பாட்டில், இந்த வட்டாரத்தில் எதையெல்லாம் திறக்கிறீர்களோ அதெல்லாம் அங்கே அடித்த மூடி. அங்கே அவர்தான் மேற்பார்வையாளர். மூடியை ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தை வைத்தே உள்ளே ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

"ஏம்மா, இது உன் கையெழுத்துதானே?"

பார்த்தேன். என் கையெழுத்துதான். தொழிற்சாலை இருக்கும் இடத்தில் லாரி முனையம் வரப்போகிறதாம். விசாரணைக் குழு நாளைக் காலை ஒன்பது மணிக்கு நகர மண்டபத்தில் கூடி முடிவு சொல்லப்போகிறதாம். அதற்கான அறிக்கையை நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். துறை 41 என்று நான் சீட்டியடித்துக்கொண்டு போட்டது அண்ணியைத்தான்.

"அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது. சீட்டுல வெறும் நாப்பத்தொண்ணுன்னுதான் இருந்துது."

"சரி, தெரியாது. இதைச் சொல்லு. மூடி ஃபேக்டரி போனா தொண்ணூத்தி நாலு பேருக்கும் ஒரு முக்கால் ஆளுக்கும் வேலை போகும்னு போட்டிருக்க. அதுல எங்களுக்குத் தகடு குடுக்கறவன், ரப்பர் குடுக்கறவன், லாரிக்காரன், கேன்டீன்காரன் எல்லாரும் அடக்கமாமே?"

"ஆமா. சுத்தி இருக்கற எல்லா சுத்தும் சேர்த்துத்தான்."

"நாங்க மட்டுமே நூத்திப் பதினெட்டு பேர்டி!"

தப்பு எங்கே என்று அப்போதே தெரிந்துவிட்டது. கீல் அடிக்கும் பட்டறையில் பெரிய இயந்திரம், ஆள் கம்மி. கொண்டை ஊசிக்கு இன்னும் கம்மி. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அண்ணியின் தொழிற்சாலையில் பாதிப் பேர் காணாமல் போய்விடுகிறார்கள். என் அட்டவணையில் அண்ணி பாதி கொண்டை ஊசி.

"மிச்சம் இருபத்திமூணு பேரு என்ன பண்ணுவோம்? ஃபேக்டரி போனப்புறம் காத்துல நின்னு மூடி அடிப்போமா? அந்த முக்கால் ஆளு யாரு, நானா?"

என் வீட்டுக்காரர் சிரித்துத் தொலைத்தார். நான் அவரை முறைத்தேன். வாலு கதவோரம் நின்றுகொண்டு, "அத்தை, நீங்க முக்கால் இல்ல, ஒண்ணே கால்," என்றாள். அந்தச் சமயத்தில்தான் அண்ணியின் பார்வை ஃபிரிட்ஜ் கதவுக்குப் போனது. ஏழு வருடமாக அங்கேயே ஒட்டியிருந்த காகிதம்; அவர் ஒருநாளும் படித்ததில்லை. மாடியில் இருப்பவருக்கு எங்கள் ஃபிரிட்ஜில் என்ன வேலை? இப்போது கையிலிருந்ததும் அதுவும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே பச்சையாக இருந்ததால் கண்ணில் பட்டுவிட்டது. பிடுங்கிப் படித்தார்.

"துறை மூணு, அண்ணி. இந்த வீட்டுக்குக் குடுக்கறது: வாரத்துக்கு ஆறு நிமிஷம்." இரண்டு தரம் படித்தார். "ஆறு நிமிஷம்?"

"அது அண்ணி, காலைல நீங்க கதவைத் தட்டறது. நாளைக்கு ஒரு நிமிஷம், ஞாயித்துக்கிழமை கிடையாது, அதனால..."

விளக்கம் வேறு சொன்னேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அண்ணி அஞ்சு மணிக்கு மாடியிலிருந்து இறங்கிப் போகும்போது எங்கள் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். "எந்திரிங்க" என்பார். அதில்தான் நாங்கள் மூன்று பேரும் எழுந்திருப்போம். வீட்டில் அலாரம் என்று ஒன்று இருந்ததே மறந்து பத்து வருடமாகிறது.

"அங்கயும் நான் ஒண்ணுமில்ல. இங்கயும் நான் ஒண்ணுமில்ல," என்றார் அண்ணி. கத்தவில்லை. இரண்டு காகிதத்தையும் மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

என் வீட்டுக்காரர் தட்டில் இருந்ததைச் சாப்பிடவில்லை. "எங்க அக்கா அழுது நான் பார்த்ததில்ல. படியேறும்போது அழுதுச்சு," என்றார். நாளைக் காலை மண்டபத்துக்கு வரச் சொல்லித் தசமம் எதற்கென்று சொல்லாமலே உத்தரவு போட்டிருந்தார்; அவர் பக்கத்தில் நின்று அந்த எண்ணை ஒப்பிக்க வேண்டியவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை என்னை எழுப்பியது வெயில்.

முகத்தில் சுளீரென்று அடித்தது. எங்கள் படுக்கையறையில் வெயில் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது, அழகாகத்தான் இருந்தது. வாலு தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, மணி எட்டரை. இன்னிக்கு லீவா?"

அப்புறம் நடந்ததை எந்த அட்டவணையிலும் போட முடியாது. என் வீட்டுக்காரர் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாக டெப்போவுக்கு ஓடினார். முதல் டிரிப் ஆறு பத்துக்கு! டெப்போவிலிருந்து பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். வாலு விளையாடிச் சார்ஜ் தீர்த்த போன் சோபாவுக்கடியில் செத்துக் கிடந்தது. மாற்று டிரைவர் இடுப்பு வலி என்று விடுப்பில். நான் ஒரு காலில் கறுப்புச் செருப்பும் மறு காலில் பழுப்புச் செருப்புமாக, மேஜையில் மேலே இருந்த பச்சைக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு, வாலுவைப் பள்ளிக்கூட வாசலில் தள்ளிவிட்டு, அவர் டெப்போவிலிருந்து பஸ்ஸை எடுக்கும்போது ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன்.

"நீங்க நேரா மண்டபத்துக்கு விடுங்க!"

"அக்கரைக்குப் போகாம எப்படி விடறது? ஜனங்க ரெண்டரை மணி நேரமா நிக்குது!"

பாலத்தைத் தாண்டினோம். நடக்க முடிந்தவர்கள் நடந்து போய்விட்டார்கள். சைக்கிள் கிடைத்தவர்கள் சைக்கிளில் போனார்கள். இரண்டும் முடியாதவர்கள் எங்களைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரம்மா ஏறினார்: அவர் போய்த்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், இன்றைக்கு ஊருக்கே ரொட்டி இல்லை. ஒரு நர்ஸ் ஏறினாள்: இவள் போய் மாற்றினால்தான் நேற்று வந்த நர்ஸ் வீட்டுக்குப் போக முடியும், அவள் போனால்தான் அவள் புருஷன் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியும், அவன் தண்ணீர்த் தொட்டியில் வால்வு திறப்பவன். "எங்க தெருவுல தண்ணி வரல," என்றார் இன்னொருவர். "அதுக்கும் இந்தாளுதான் காரணமா?" என்று என் வீட்டுக்காரரின் முதுகைக் காட்டினார்.

கடைசியாகக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒருவர் ஏறினார். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. நகர மண்டபத்தின் காவலாளி. "ஒம்போது மணிக்கு அங்க ஏதோ பெரிய விசாரணையாம். எல்லாரும் வாசல்ல நிப்பாங்க. நான் என்ன பண்ணட்டும், பறந்தா போவேன்?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. அடுத்த நொடி புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்கவே முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். நர்ஸ் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு விழாததால் டிரைவர் இல்லை, டிரைவர் இல்லாததால் பஸ் இல்லை, பஸ் இல்லாததால் அடுப்பு இல்லை, நர்ஸ் இல்லை, தண்ணீர் இல்லை, சாவி இல்லை. பன்னிரண்டு வருடமாக நான் புரட்டிப் போட்ட அட்டவணையில் இது ஏன் வரவில்லை? நான் கேட்ட கேள்வி அப்படி! தட்டுவது நின்றால் யாருக்கு வியாபாரம் குறையும் என்று கேட்டால், விரல் கணுவுக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். தட்டு வந்து சேராவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டவருக்குக் கேட்டதெல்லாம் எங்கிருந்தாவது கிடைத்துவிடும் என்றே என் அட்டவணை நம்பிக்கொண்டிருந்தது. நானும் கூடவே நம்பினேன்.

மண்டப வாசலில் போய் இறங்கும்போது மணி ஒன்பது நாற்பது. விசாரணைக் குழுவின் தலைவரம்மா படிக்கட்டில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார். தசமம் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மூடித் தொழிற்சாலைப் பெண்கள் மதிலோரம் நின்றார்கள். அண்ணி என்னைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்த தம்பியின் உள்வெளிச் சட்டையைப் பார்த்ததும் மட்டும் அவர் கை தானாக வாய்க்குப் போனது.

கதவு திறந்தது. காகிதத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டும் கருவி ஒன்று அங்கே உண்டு. "அட்டவணையைக் குடுங்க," என்று தசமம் என் கையிலிருந்து பிடுங்கி அதன்மேல் வைத்தார். விளக்கு எரிந்தது.

சுவரில், ஆள் உயரத்துக்கு, இப்படி வந்தது: துறை 1, டிரைவர். துறை 2, நான். துறை 3, அண்ணி. துறை 4, வாலு.

தலைவரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இரண்டாம் துறையிலேர்ந்து நாலாம் துறைக்கு, மூக்குத் துடைத்தல், நாற்பது நிமிடம்," என்று நிதானமாகப் படித்தார். "இந்த நாலாம் துறை என்ன உற்பத்தி பண்ணுது?"

"சத்தம்மா," என்றேன்.

கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. தசமத்தின் முகத்தில் ஈயாடவில்லை. காகிதத்தை எடுக்கக் கை நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேலதிகாரியின் கையை! எனக்கே அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"சார், இருக்கட்டும். இது தப்பான காகிதம்தான். ஆனா இதுலயே சொல்லிடறேன். அம்மா, அந்த மூணாம் துறையைப் பாருங்க. வாரத்துக்கு ஆறு நிமிஷம். எங்க வீட்டுல இருக்கறதுலயே சின்ன நம்பர். நேத்து வரைக்கும் என்னைக் கேட்டிருந்தா, இதை எடுத்துட்டா ஒண்ணும் ஆகாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன். போட்டும் குடுத்தேன். இன்னிக்குக் காலைல அந்த ஒரு நிமிஷம் வரல. நீங்க எவ்வளவு நேரம் படிக்கட்டுல உக்காந்திருந்தீங்க?"

"நாற்பது நிமிஷம்," என்றார் அவர். "ஏன், அதுக்கும் இதுக்கும் என்ன?"

தட்டிலிருந்து சாவிக்கொத்து வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். சாவிக்காரர் எழுந்து நின்று, "உண்மைதாம்மா, நான் பாலத்தடியிலேயே நின்னேன்," என்று சாட்சி சொன்னார். ஜன்னல் வழியே ரொட்டிக்கடைக்காரம்மா வேறு, "இன்னும் அடுப்பே பத்தல!" என்று குரல் கொடுத்தார். அவர் ஏன் அங்கே நின்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தலைவரம்மா லேசுப்பட்டவர் இல்லை. "சரி. ஒரு அலாரம் வெச்சிருந்தா இதெல்லாம் நடந்திருக்காதே? அதே மாதிரி மூடியை வெளியூர்ல வாங்கிக்கலாமே?"

நல்ல கேள்வி. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. "வாங்கலாம்மா. ஜனங்க எப்படியாவது சமாளிச்சுக்குவாங்க. இன்னிக்கே பாதிப் பேரு பாலத்துல நடந்து வந்துட்டாங்க. அலாரமும் வெச்சிருக்கலாம். ஆனா இன்னிக்குக் காலைல வெக்கலையே! வெளியூர் மூடி வந்து சேர எத்தனை நாளாகும், அதுவரைக்கும் பாட்டில் என்ன பண்ணும், என் அட்டவணைக்குத் தெரியாது. அதுல நாளும் கிடையாது, கிழமையும் கிடையாது. சுருக்கமா சொன்னா, அந்தத் தொண்ணூத்தி நாலே சொச்சம் தப்பு. கூட்டல் சரி, கேள்வி தப்பு. அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரமும் அப்படித்தான். அத்தனை பேரும் வேலையில்லாம வீட்டுல உக்காந்து காத்துக்கிட்டிருக்காங்கன்னு நெனச்சுப் போட்டது. ரெண்டையும் போட்டது நான்தான்."

பன்னிரண்டு வருடத்தில் என் அட்டவணையைப் பற்றி யாராவது இப்படிப் பேசியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

தலைவரம்மா மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார்: "இங்க பாட்டில்காரங்க யாராவது இருக்கீங்களா?"

பின்னாலிருந்து பால்பண்ணை மேலாளர் தயங்கி எழுந்தார். "நான் இருக்கேங்க. எங்களை யாரும் எதுவும் கேக்கல. முனையம் வந்தா எவ்வளவு பால் விப்பீங்கன்னு மட்டும் ஒரு படிவம் வந்துது. எங்ககிட்ட அஞ்சு நாளைக்குத்தான் மூடி இருக்கும். ஆறாவது நாள் பாலை ஆத்துலதான் ஊத்தணும்."

மருந்துக் கம்பெனிக்காரர் மூன்று நாள் என்றார். சோடாக்காரர் இரண்டு. மைக்காரர் எழுந்தார், தன்னிடம் நிறைய இருக்கிறது என்றார், உட்கார்ந்தார். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

குழு உள்ளறைக்குப் போய் அரைமணியில் திரும்பி வந்தது. முனையத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும், மூடித் தொழிற்சாலை இருக்கும் இடத்தில் இருக்கும் என்று தலைவரம்மா படித்தார். படித்துவிட்டு, "அந்தக் காகிதத்தை நான் வெச்சுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"மன்னிச்சுக்குங்கம்மா, அது குடும்பச் சொத்து," என்றேன்.

தொழிற்சாலைப் பெண்கள் போட்ட சத்தத்தில் நாலாம் துறை தோற்றது. தசமம் என் பக்கத்தில் வந்து நின்றார். தொலைந்தோம் என்று நினைத்தேன். "உங்க வீட்டு அட்டவணையில ஒரு குறை," என்றார். "நிமிஷத்தை முழு எண்ணாப் போட்டிருக்கீங்க." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அண்ணி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் டெப்போவில் வாங்கிக் கட்டிக்கொண்ட முகத்தோடு வந்தார். கையில் ஒரு பை. உள்ளே இரண்டு அலாரம். நான் மாடிப்படி ஏறிப்போய் அண்ணியின் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டக் கை தூக்கினேன், வெட்கமாக இருந்தது, இறங்கி வந்துவிட்டேன். கீழே அந்தப் பச்சைக் காகிதத்தை மறுபடி ஃபிரிட்ஜில் ஒட்டி, துறை மூன்றின் ஆறை அடித்தேன். பதிலுக்கு என்ன எழுதுவது? பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. எந்த எண்ணும் போதவில்லை. கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

சனிக்கிழமை. அலாரத்தை நாலே முக்காலுக்கு வைத்திருந்தோம். அது அடிப்பதற்கு முன்னாடியே விழிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாலு தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் புகுந்துகொண்டாள். இரண்டு அலாரத்தையும் அமுக்கிவிட்டோம். யாரும் விளக்குப் போடவில்லை. எழுந்துவிட்டோம் என்று தெரியக்கூடாது பாருங்கள்.

"அப்பா, அத்தை வருமா?"

"உஷ்."

மாடியில் கதவு சாத்தும் சத்தம். படியில் செருப்பு. பதினாலு படி, எண்ணினேன். பதினாலாவது படியில் செருப்புச் சத்தம் நின்றது. நின்றே இருந்தது. இந்த வீட்டில் இருக்கும் அத்தனை கட்டத்தையும் அழித்துவிடுகிறேன், இது ஒன்று மட்டும் வரட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் வீட்டுக்காரர் என் கையை நெரித்துக்கொண்டிருந்தார்.

டொக், டொக்.

"எந்திரிங்க. ஆறு பத்து பஸ்ஸு."

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதோடு சிரிப்பும் வந்தது. மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம். அப்புறம் நான் தொண்டையைச் செருமி, எவ்வளவு தூக்கக் கலக்கமாக முடியுமோ அவ்வளவு தூக்கக் கலக்கமாகக் குரல் கொடுத்தேன்.

"இதோ எந்திரிச்சிட்டோம் அண்ணி."